சாவியைத் திருப்பி அனுப்புகிறேன்

ரபீக்,

ஸலாம் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்க வேண்டும் என்பது உன் அத்தா வைத்த சட்டம். அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லியாயிற்று, இனி கேள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பாதிப் பேச்சில், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று நழுவிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காலையிலிருந்து மழை, பஜாரில் ஆள் நடமாட்டம் இல்லை. கடையில் தைல பாட்டில்களை ஒதுக்கிவைத்து நோட்டுக்கு இடம் பண்ணியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயதாகிவிட்டது என்று இரக்கப்படாதே. கோபத்தில்தான் பேனாவை இப்படி அழுத்துகிறேன்.

உன் தங்கை பர்வீனுக்குக் கல்யாணப் பரிசாக நீ அனுப்பிய கார் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. செண்பகனூரில் நம் வீட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாததா? ஒரு ஆட்டோ வந்தால் நடக்கிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு, மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டி, அது நிற்கிறது. பக்கத்து வீட்டு மதினி கேஸ் சிலிண்டர் உள்ளே வர வழியில்லாமல், "இத எப்ப எடுப்பீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கொண்டுவந்த டிரைவர், மலை ஏறியதில் வண்டியில் சேறு பட்டுவிட்டது என்று, நாம் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிற ஊற்றிலேயே வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினான். நான் குடத்தோடு போய் நின்றபோது ஓடை முழுக்க நுரை. "சார்தான் சொன்னாருங்க, பளபளன்னு குடுக்கணும்னு" என்றான். அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய தண்ணீரில்தான் சோறு பொங்கினேன்.

இருந்தாலும் முதலில் எனக்குப் பூரிப்பாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். என் மகன் தங்கைக்குக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று மதினியிடம் சொல்லும்போதே குரல் ஒரு படி ஏறியது. பர்வீன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நாலரை மணிக்கு வந்தாள். சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, என் கையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப சாவியக் குடுக்குறானா? அன்னைக்குக் குடுத்திருக்கலாம்ல."

எந்த அன்றைக்கு என்று கேட்டேன். அவள் சொன்னது உனக்குத் தெரியும். ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ சொல்லாததற்குக் காரணம் வேறு, அவள் சொல்லாததற்குக் காரணம் வேறு. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இருக்காது.

உன் அத்தா கடைக்கு எப்படிப் போய் வந்தார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூரில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். காலையில் டவுன் பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்வார். பஜாரில் இறக்கி, பகல் முழுக்க ஹாஸ்டல்களுக்கும் ஹோட்டல்களுக்கும் தைலமும் டீத்தூளும் அதில் கொண்டுபோய்க் கொடுப்பார். சாயங்காலம் அதே சைக்கிளில் இறக்கத்தில் உருண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்கு சைக்கிள். மலையில் சைக்கிள் எல்லாம் நடக்காது என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாயே, முப்பது வருஷம் நடந்தது. கண்டக்டர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "பாய், நாளைக்கு ஒரு மாத்தத்துக்கு பஸ்ஸத் தூக்கி சைக்கிள்மேல வைங்க" என்பார் ஒருத்தர். பிறகு பஸ்களில் கூரை ஏணியை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வெள்ளனே எழுந்து, தள்ளிக்கொண்டே ஏறினார். பிரேக் கட்டை தேய்ந்து தேய்ந்து மாற்றினாரே தவிர, வண்டியை மாற்றவில்லை. மூடுபனியில் வளைவுக்கு வளைவு மணி அடித்துக்கொண்டே இறங்குவார். மூன்றாவது வளைவில் மணி கேட்டால் நான் டீக்கு அடுப்பைப் பற்றவைக்கலாம். அந்த மணிச் சத்தம் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவுக்கே தம்பட்டம் அடித்துக்கொண்டு வருகிறாரே, வேறு யாராவது இப்படி வருகிறார்களா என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

உன்னை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்த வருஷம், பஜாரிலிருந்து ஸ்கூல் கேட் வரை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஒரு நாள் நானும் பின்னாலேயே நடந்து வந்தேன். கேட்டில் வரிசையாகக் கார்கள். ஷூவில் தூசி படாத பிள்ளைகள் இறங்குகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நீ பாரிலிருந்து குதித்தாய். ஒரு அம்மா உன் அத்தாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: "கேட்டு வரைக்கும் போகாதீங்க. முன்னாடி வளைவுலயே எறக்கி விட்ருங்க." அவர் சிரித்தார். "ஏன், சைக்கிளு யாரையும் கடிச்சிருமா?" என்றார். சிரித்தாரே தவிர, மறுநாளிலிருந்து வளைவிலேயே இறக்கினார். நீ கேட்டுக்குள் போகும்வரை ஒரு யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவாராம். அப்போது என்னிடம் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சில் சொன்னார்.

உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. எட்டாவது படிக்கும்போது ஏரிக்கரையில் நண்பர்களோடு வந்த நீ, எதிரே தைல கேன்களோடு வந்த அத்தாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து, "ஏ புள்ள, என்னைய யாருன்னே தெரியாதமாரி போறான் உம் மவன்" என்று அவர் சிரித்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின்னே, கூட்டாளிகளோட போற பய, உங்க கேனத் தூக்கிட்டா வருவான்?" இதை எழுதும்போது என் வாய் எனக்கே கசக்கிறது. பெற்ற பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

அப்புறம் நீ வேலைக்குப் போனாய், கார் வாங்கினாய். அதோடு கியர் வைத்த சைக்கிள் ஒன்றும் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டமாக ஓட்டப் போவீர்களாம். ஓட்டுகிற இடம் வரைக்கும் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவீர்களாம். ஆபீஸ் விழா ஒன்றில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மிதிவண்டியால் பூமி பிழைக்கும் என்று நீ பேசிய வீடியோவை அனுப்பினாய். நல்லாத்தான் பேசியிருந்தாய். அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இந்த சைக்கிள்ல அவன் எங்க போறான்?" என்று கேட்டார்.

"சும்மா, போயிட்டுத் திரும்பி வருவாங்களாம்."

"கடைகண்ணிக்கா?"

"இல்ல."

"ஆபீசுக்கு?"

"ஆபீசுக்குக் கார்லதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப சைக்கிள அவன்ல தூக்கிச் சொமக்குறான், பாவம்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இவர் சைக்கிளும் வண்டியின் முதுகில்தான் ஏறியது, உன் சைக்கிளும் வண்டியின் முதுகில்தான் ஏறுகிறது. இறங்கிய பிறகு இவருடையது வேலைக்குப் போனது. உன்னுடையது போட்டோவுக்கு நிற்கிறது.

இங்கே வருகிறவர்களும் உன் ஜாதிதான். இ-பாஸ் வாங்கிக்கொண்டு, ஒரு வீட்டுக்கு இரண்டு கார் என்று ஏறி வருகிறார்கள். ஏற்றத்தில் கிளட்ச் கருகுகிற நாற்றம், புகை, நின்ற இடத்திலேயே ஏசி போட்டு உறுமிக்கொண்டிருக்கிற எஞ்சின். ஜன்னலைத் திறந்து வாந்தி எடுக்கிறார்கள். பிள்ளையின் நாப்கினைச் சுருட்டி ஓடையில் எறிகிறார்கள். போன வாரம் காட்டுமாடு ஒன்று அதை மென்றுகொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். இத்தனையும் பண்ணிவிட்டு ஏரிக்கரைக்கு வந்து, அரை மணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து, இரண்டு கையையும் விட்டு ஓட்டி, 'ஆகா, என்ன காற்று' என்கிறார்கள். அந்தக் காற்றைக் கெடுத்துவிட்டு வந்ததே அவர்கள்தான். பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மே மாதம் முழுக்க ரோட்டைக் கடக்கவே முடியாமல், கடையை அடைத்துவிட்டு வீட்டில் கிடந்திருக்கிறேன்.

அந்த மே மாதத்துக்கே வருகிறேன். போன வருஷம், சனிக்கிழமை. விடியற்காலைத் தொழுகைக்குக் கை கால் கழுவப் போன உன் அத்தா குழாயடியிலேயே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரோடு காலியாக இருந்தது, பத்தே நிமிடம். காரே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்தக் கார் செய்தது உபகாரம். ஆனால் அங்கே போனபோதே உயிர் இல்லை. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஜமாஅத் பெரியவர்கள் வந்தார்கள். "பத்து மணிக்கு எடுத்துருவோம்மா. சீசன் நேரம், பொழுது ஏறிருச்சுன்னா ரோடு அடைச்சுக்கும்" என்றார்கள். நான் கதவை மறித்து நின்று கத்தினேன். "எம் மவன் வந்துக்கிட்டு இருக்கான். அவன் மொகம் பாக்காம எடுக்க விடமாட்டேன்." உயிர் போன மையத்தை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் செய்தேன். பத்தரைக்கு நீ போன் பண்ணினாய், பெருமாள்மலை தாண்டிவிட்டேன் என்று. இன்னும் ஆறேழு கிலோமீட்டர்தான், இதோ வந்துவிட்டான் என்று எல்லோரையும் உட்காரவைத்தேன். பதினோரு மணிக்கும் நீ அதே இடத்தில்தான் நின்றாய்.

அப்போதுதான் பர்வீன் எழுந்தாள். "நான் போயி அண்ணனக் கூட்டிட்டு வந்துர்றேம்மா. எறங்குறதுதான, வெரசாப் போயிருவேன்" என்று அத்தாவின் சைக்கிளை எடுத்தாள். அவளை அத்தாதான் ஓட்டப் பழக்கியிருந்தார். போய்விட்டு வா என்றேன். கார்களுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில், மணி அடித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவள் போன பிறகு அத்தாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றினார்கள். ஒரு மணிக்கு முகம் காட்டினார்கள். நானும் சொந்தக்காரப் பெண்களும் பார்த்தோம். ஒன்றரைக்கு எடுத்துவிட்டார்கள், அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. பர்வீன் தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தபோது ஒன்று நாற்பது. பத்து நிமிடம், ரபீக். பெண்கள் அடக்கத்துக்குக் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அவளுக்கு அந்த முகம் அவ்வளவுதான். வாசல்படியில் உட்கார்ந்து, "ரோடு அடைச்சுக் கெடக்கும்மா, அண்ணனால வர முடியல" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிவாசல் வேன் ஒரு அடி நகரவில்லை. ஆண்கள் மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்து, கார்களுக்கு இடையில் நடந்தே மேலே ஏறினார்கள். உன் அத்தாவோடு பிறந்த சின்னத்தா வந்து சொன்னார். ஒரு இடத்தில் இரண்டு கார் ஒட்டி நின்றதில் சந்தூக்கு நுழைய வழியில்லை. கண்ணாடியைத் தட்டினால் உள்ளே இருந்தவர் இறக்காமலே கையை ஆட்டினாராம். இன்னொருத்தர் செல்போனை நீட்டிப் படம் பிடித்தாராம். ஒரு அம்மா ஜன்னலைத் திறந்து, "இங்க ஏதாவது ஃபெஸ்டிவலா?" என்று கேட்டாளாம். பின்னாலிருந்து ஹாரன். வேறு மதத்துக்கார டாக்சி டிரைவர் ஒருவர் மட்டும் இறங்கி வந்து, பாய் கடையில் தைலம் வாங்கியிருக்கேன் என்று சொல்லித் தோள் கொடுத்தாராம். தினமும் மணி அடித்துக்கொண்டு இறங்கி வந்த ரோட்டில், உன் அத்தா கடைசியாக ஏறிய ஏற்றம் இது. பத்து மணிக்கே போயிருந்தால் காலி ரோட்டில் கண்ணியமாகப் போயிருப்பார். நிறுத்திவைத்தது நான். அந்தப் பாவம் என்னுடையது, அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன்.

நீ மூன்றரை மணிக்கு வந்தாய். என் மடியில் விழுந்து அழுதாய். போலீஸ்காரர்களையும் டூரிஸ்டுகளையும் சேர்ந்தே சபித்தோம். என் மகன் அத்தாவின் முகம் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று உன் தலையைத் தடவினேன். வாசலில் உன் கார் நின்றது. இரண்டு மாதத்துக் கார், மேலே ஒரு கோடு இல்லை.

செவ்வாய்க்கிழமை பர்வீன் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "பதினொன்னு இருபதுக்கே நான் அண்ணன்கிட்டப் போயிட்டேம்மா. கார் பின்னாடி கியர் சைக்கிளு தொங்கிட்டு இருந்துச்சு. இதுல ஏறிப் போண்ணே, முடியாத எடத்துல எறங்கித் தள்ளு, ஒன்ற மணி நேரத்துல போயிரலாம்னேன். வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு எப்படி வர்றதுன்னான். நான் உக்காந்திருக்கேன், சாவியக் குடு, நகந்துச்சுன்னா யாரையாவது ஓட்டச் சொல்லி ஓரமா நிப்பாட்டுறேன்னேன். கண்டவன் கையில குடுக்குறதா, கோடு விழுந்துரும், இந்தா இப்ப நகந்துரும்னான். நகந்துரும் நகந்துரும்னே முக்கா மணி நேரம். கடைசில நான்தான் தள்ளிட்டு வந்துட்டேன். நான் கெளம்புனதும் ஜன்னல ஏத்திக்கிட்டான், அத அவன்கிட்டச் சொல்லும்மா. எனக்கு அதுதான் மறக்கல."

இதைச் சொல்லி முடித்துவிட்டு, ஏன் ஒரு வருஷம் மறைத்தாள் என்பதையும் சொன்னாள். "அத்தாவும் இல்ல. உனக்கு மகனாவது நல்லவனா இருக்கட்டும்னு இருந்துட்டேன்." நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்மேல் எனக்கு வந்தது கோபம் என்றால் அது ஆறிவிடும். வந்தது குமட்டல். என் பிள்ளையை நினைத்து எனக்குக் குமட்டுகிறது என்று ஒரு தாய் எழுதுகிறாள் என்றால், அந்தக் காகிதத்தை நீ மடித்து வைத்துவிட்டு வேறு சோலி பார்க்க முடியாது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசி. உன் முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் தொங்கியது. முன்னால் இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. நீ மேடையில் பேசியதெல்லாம் உண்மை என்று காட்டுவதற்கு அல்லா உனக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தான். நீ ஜன்னலை ஏற்றிக்கொண்டாய்.

இப்போது இந்தக் காரை அனுப்பிவிட்டு, "எலக்ட்ரிக்மா, புகையே வராது, சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று போனில் பெருமைப்பட்டாய். பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். புகை வராது, சரி. அன்றைக்கு மறித்து நின்ற அத்தனை வண்டியும் பேட்டரியில் ஓடுகிற வண்டியாக இருந்திருந்தாலும், சந்தூக்கு நின்ற இடத்தில்தான் நின்றிருக்கும். ஒரு ஆள் போய்வர ஒரு அறையையே கூடவே இழுத்துக்கொண்டு போனால், அது எதில் ஓடினால் என்ன? இந்த மலை அகலமாகப் போவதில்லை. நம் ஊற்றில் அந்தச் சோப்பு நுரையும் இந்தப் பச்சைக் காரிலிருந்துதான் வந்தது. உன் அத்தா சுற்றுச்சூழல் என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர் போன ரோட்டில் அவருடைய அடையாளம் என்று ஒரு எண்ணெய்ச் சொட்டுகூடக் கிடையாது.

பர்வீன் வாழப்போகிறது பாலசமுத்திரத்தில். சமதரை, வெயில்தான் கொஞ்சம் அடிக்கும். மாப்பிள்ளையே பழனி பஜாரில் இருக்கிற அவர்கள் கடைக்குச் சைக்கிளில்தான் போகிறார். கார் விஷயத்தைச் சொன்னதும் அவர் தயங்கித் தயங்கி, "எதுக்குங்க மாமி, எங்க தெருவுல நிறுத்த எடம் கெடையாதுங்க. வச்சா பக்கத்து வீட்டு வாசல மறிக்கணும்" என்றார். மறிப்பது தப்பு என்று தெரிந்த ஒரு பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறது. பர்வீன் என்னிடம் கேட்ட சீர் ஒன்றே ஒன்று. அத்தாவின் சைக்கிள்.

இன்னொன்றும் கேட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அத்தா இல்லாத வீட்டில் அவளுக்கு வலீயாக, அவள் பக்கம் நின்று நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டியவன் அண்ணன்காரன் நீ. அவள் சொல்கிறாள்: "அண்ணன் வேணாம்மா. சின்னத்தா நிக்கட்டும்." சின்னத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்க ஏன் என்று கேட்கும். அவள் பதில் சொல்லமாட்டாள். மறுபடியும் உன்னைக் காப்பாற்றிவிட்டு அவளே சுமப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னை ஒதுக்கிவைத்துவிட்டு என் மகளுக்குக் கல்யாணம் பண்ணவும் எனக்கு மனசு வரவில்லை. குமட்டினாலும் நீ என் பிள்ளை. அந்த ஸ்கூல் வளைவில் உன்னை முதலில் இறக்கிவிட்டது நான்தானே.

சாவி இந்தக் கவருக்குள் இருக்கிறது, ரெஜிஸ்டர் தபாலில் வரும். ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப் போ. ஊற்றில் கழுவாமல் எடுத்துப் போகச் சொல். நிக்காஹ் அன்றைக்கு உன் காரைக் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் பழனி வந்து, அங்கிருந்து மலை பஸ் பிடித்துப் பெருமாள்மலையில் இறங்கு. வீடு வரைக்கும் டிக்கெட் எடுக்காதே. இறங்குகிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அத்தாவின் சைக்கிள் நிற்கும். முந்தின நாளே பர்வீன் உருட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுவாள், அந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தள்ளிக்கொண்டு ஏறி வா. நீ அன்றைக்கு நடக்காமல் விட்ட தூரம் அது. வழியில் கார்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், ஓரமாக ஒதுங்கு. தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், முகத்தைத் திருப்பாதே. நம் வீட்டுக்குக் கீழே மூன்றாவது வளைவில் மணி அடி, நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். உன் தங்கைக்கு நீ கொண்டுவருகிற சீர் அதுதான். வேறு எதுவும் நீ கொண்டுவர வேண்டியதில்லை.

நேற்று பர்வீனிடம் கேட்டேன். "அவன் தள்ளிக்கிட்டு வந்துட்டான்னா, வலீயா நிக்கச் சொல்லுவியா?" பள்ளிக்கூட நோட்டுகளை அடுக்கிவைத்தாள். பிறகு, "மொதல்ல வரட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

நிக்காஹ் பதினோரு மணிக்கு, நம் வீட்டிலேயே. நிக்காஹ் ஓத வருகிற ஹஜ்ரத்திடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். யாருக்காகவும் ஒரு நிமிடம்கூட நிறுத்திவைக்க வேண்டாம் என்று.

உன் அம்மா